ஆவணிக்குத் தள்ளிவைத்த கண்

2024 ஆகஸ்ட் 2, ஆடி பதினேழு, வெள்ளிக்கிழமை, மாலை ஐந்து நாற்பது. மழை இல்லை. மேகமும் ஆடிக்காற்றும் இருந்தன. உறையூரிலிருந்து ஸ்ரீரங்கம் கோயிலுக்கு, தாயாரைச் சேவிக்க என் மனைவியைப் பின்னால் உட்காரவைத்து ஸ்கூட்டரில் போய்க்கொண்டிருந்தேன். வெள்ளிக்கிழமை தவறாத வழக்கம் அது. காவிரிப் பாலத்தில் பாதி தூரம் போனதும் இடது கண்ணுக்குள் கறுப்பு நூல்கள் இறங்கின. தண்ணீரில் சொட்டிய மை போல அவை விரிந்தன. ஓரமாக நிறுத்தினேன்.

"என்னங்க, பெட்ரோல் தீந்துபோச்சா?"

"கண்ணுல நூல் நூலா விழுது. அந்தக் கரை தெரியலை."

அவள் இறங்கினாள். "நீங்க தள்ளுங்க. பின்னாடி வர்ற வண்டியை நான் பாத்துக்கறேன்" என்றாள். முழங்கால் வலிக்காரி பாலத்தின் மறுகோடி வரை பஸ்களுக்குக் கையைக் காட்டிக்கொண்டே நடந்தாள்.

இதற்குப் பதினைந்து நாள் முன்புதான் கண் டாக்டர் எச்சரித்திருந்தார். என் மகள் வயதுள்ள பெண். எனக்குச் சர்க்கரை இருபத்திரண்டு வருஷமாக இருக்கிறது. அதனால் இரண்டு கண்ணின் விழித்திரையிலும் புதிதாக ரத்தக்குழாய்கள் முளைத்திருப்பதாகச் சொன்னார். "அதுக்கெல்லாம் வலு கிடையாதுங்கய்யா. எப்ப வேணா கசியும். இந்த வாரமே லேசர் வச்சிடலாம்."

"ஆடியில கண்ணுல கத்தி வைக்க வேண்டாம்மா. ஆவணி பொறந்ததும் வரேன்."

"கத்தியே இல்லைங்கய்யா. வெறும் வெளிச்சம்தான்."

"வெளிச்சத்துக்கு ஏதுங்க ஆடியும் ஆவணியும்?" என்று மனைவியும் சொன்னாள். நான் கேட்கவில்லை. பஸ் கம்பெனியில் முப்பத்தொரு வருஷம் கணக்கு எழுதியவன். பஞ்சாங்கத்தைப் பிரித்து, ராகுகாலம், சந்திராஷ்டமம் எல்லாம் கழித்து, ஆவணி ஆறு, வியாழக்கிழமை என்று நானே நாள் குறித்தேன். ரத்தக்குழாய் பஞ்சாங்கம் பார்க்கவில்லை.

மறுநாள் ஆடிப்பெருக்கு. ஊரே ஆற்றைப் பார்க்கப் போக, நாங்கள் ஆஸ்பத்திரிக்குப் போனோம். இடது கண்ணுக்குள் ரத்தம் கட்டியிருந்தது. அது கரையும்வரை லேசரின் ஒளி உள்ளே போகாதாம். வலது கண்ணுக்காவது இன்றே செய்துவிடலாம் என்றார் டாக்டர். இந்தத் தடவை நாள் பார்க்காமல் சரி என்றேன்.

கண்பாவையை விரிக்கும் மருந்தைப் பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை விட்டார்கள். முதல் சொட்டு எரிந்தது. சுவரிலிருந்த கடிகாரம் மங்கி, எண்கள் கலைந்துபோயின. பிறகு மரத்துப்போகும் சொட்டு. மோவாயைத் தாங்கியில் வைத்து, நெற்றியைப் பட்டையில் அழுத்திக்கொண்டேன். பசை தடவிய ஒரு கண்ணாடி வில்லையை டாக்டர் கண்மேல் வைத்தார், இமைக்க முடியாது. அப்புறம் பச்சை மின்னல்கள், ஒன்றன்பின் ஒன்றாக. பெரும்பாலும் வலி இல்லை. சில மட்டும் பின்மண்டை வரை சுருக்கென்றன. நூற்றுப்பன்னிரண்டு வரை எண்ணினேன்.

"எண்ணாதீங்கய்யா. உதடு அசைஞ்சா தலையும் அசையுது."

முடிந்ததும் கொஞ்ச நேரம் எல்லாம் ஊதாவாகத் தெரிந்தது. அன்று வண்டி ஓட்டக்கூடாது, கண்ணைக் கசக்கக்கூடாது என்றார்கள். தலைவலிக்கு ஒரு மாத்திரை போதுமானதாக இருந்தது. இதற்கா பயந்தேன் என்று வெளியே பெஞ்சில் உட்கார்ந்து நினைத்தபோதுதான் துக்கம் வந்தது.

வலது கண்ணுக்கு இன்னும் ஒரு முறை. இடது கண்ணுக்கு இரண்டு ஊசி போட்டு, ரத்தம் வடிந்தபிறகு மூன்று முறை. நான் குறித்து வைத்த ஆவணி ஆறு அன்று அந்தக் கண்ணில் செம்மண் தண்ணீர்தான் தெரிந்தது. கடைசிப் பரிசோதனையில் டாக்டரிடம் கேட்டேன், பழையபடி ஆகுமா என்று.

"லேசர் மிச்சம் இருக்கறதைக் காப்பாத்தும்யா. போனதைக் கொண்டுவராது. ஸ்கூட்டர் மட்டும் வேண்டாம்."

வீட்டுக்கு வந்து சாவியை மனைவியிடம் கொடுத்தேன். அவள் என்னைக் குத்திப் பேசியிருந்தால் தேவலை. "பஸ்ல போயிட்டாப் போச்சு" என்றாள். ஒரு வெள்ளி போய்ப் பார்த்தோம். படியில் காலைத் தூக்கி வைக்க அவளால் முடியவில்லை. கண்டக்டர் இரண்டு தரம் விசில் ஊதினார். அப்புறம் ஆட்டோ. போகவர, காத்திருக்க, நானூற்று எண்பது. மூன்றாவது வெள்ளி அவள், "இன்னிக்கு வேண்டாங்க, உடம்பு அசதியா இருக்கு" என்றாள். அதற்கடுத்த வெள்ளியும் அசதிதான். இப்போது வெள்ளிக்கிழமை மாலைகளில் மொட்டைமாடியில் வடக்கே பார்த்துக் கும்பிட்டுவிட்டு இறங்கிவிடுகிறாள். அங்கிருந்து ராஜகோபுரம் தெரிகிறது என்கிறாள். எனக்குத் தெரியவில்லை.

முதலில் சொன்ன வாரமே செய்திருந்தால் இரண்டு கண்ணுக்கும் சேர்த்துப் பதினாறாயிரம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஊசி, ஸ்கேன், லேசர், சொட்டுமருந்து எல்லாமாக அறுபத்து மூவாயிரத்து முந்நூற்று ஐம்பது ஆனது. அதில் ஸ்கூட்டர் விற்ற பன்னிரண்டாயிரத்தைக் கழித்தேன். மீதி, கையிலிருந்து போனது, ஐம்பத்தோராயிரத்து முந்நூற்று ஐம்பது ரூபாய்.