ஈனிட் மார்ஃப்ளீட் எழுதிய வம்சாவளி

தங்கள் வம்சத்தைத் தேடித் தரும்படி ஈனிட் மார்ஃப்ளீட்டுக்குக் கடிதம் எழுதியவர்கள் எல்லோருக்கும் ஒரே ஆசைதான். கொடிவழியில் எங்கேயாவது ஒரு பிரபு தென்பட வேண்டும். பெர்த் நகரத்துப் பல் டாக்டரும் அதைத்தான் கேட்டார், டொரண்டோவில் தபால் நிலையத்தில் வேலை பார்த்த அம்மாளும் அதைத்தான் கேட்டாள். என் முன்னோர்கள் பன்றி மேய்த்தார்களா என்று பார்த்துச் சொல்லுங்கள் என்று ஒருவர்கூட எழுதியதில்லை. ஆனால் தேடினால் பெரும்பாலும் பன்றி மேய்த்தவர்கள்தான் கிடைத்தார்கள். ஈனிட் அதை உள்ளது உள்ளபடி தட்டச்சு செய்து அனுப்பிவிடுவாள். சர்க்கரை தடவிப் பேசுகிற வழக்கம் அவளுக்குக் கிடையாது.

லிங்கன்ஷயரின் சதுப்பு நிலத்து ஊரான ஹார்ன்வித்தில் பிறந்தவள். அப்பா ரயில்வே கேட்டைத் திறந்து மூடுகிறவர். உபகாரச் சம்பளத்தில் படித்து, லத்தீன் கற்று, மாவட்ட ஆவணக் காப்பகத்தில் முப்பத்தெட்டு வருஷம் வேலை பார்த்தாள். நடுவில் கல்யாணப் பேச்சு ஒன்று இருந்தது. போர் வந்தது, அந்த ஆள் போனான். பத்திரமாகத் திரும்பியும் வந்தான், ஆனால் கூடவே ஒரு பெண்டாட்டியும் வந்தாள். ஈனிட் அழுததாக ஊரில் யாரும் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் சொல்லாமல் விட்டிருக்கமாட்டார்கள்.

அவள் வாழ்க்கையின் சம்பாத்தியம் என்று சொன்னால் அது ஒரு புத்தகம்தான். ஊரின் பெயரையே தங்கள் பெயராகக் கொண்டு அந்த ஊரை ஆண்ட ஹார்ன்வித் குடும்பத்தின் வம்சாவளி, 1166 முதல் 1402 வரை. அறுபத்து நான்கு பக்கம். 1958இல் மாவட்ட வரலாற்றுச் சங்கம் வெளியிட்டது. பெரிய படிப்பெல்லாம் படித்தவர்கள் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தும் பத்தொன்பது வருஷத்தில் ஒரு பிழை கண்டுபிடிக்க முடியவில்லை. சங்கக் கூட்டத்தில் ஏதாவது ஒரு தேதியில் சண்டை வந்தால், “மிஸ் மார்ஃப்ளீட் என்ன சொல்றாங்க?” என்பார்கள். அவள் சொன்னால் சண்டை முடிந்தது. சொந்த வீடு இல்லை, பிள்ளை இல்லை, தப்பே செய்யாதவள் என்ற அந்தப் பெயர் ஒன்றுதான் இருந்தது. அதை அவள் மிகவும் நேசித்தாள்.

அந்தப் பெயருக்குத்தான் 1977 மார்ச்சில் ஆபத்து வந்தது. அதுவும் ஒரு கழிப்பறையால்.

ஹார்ன்வித் தேவாலயத்துக்கு வயது எழுநூறு. கழிப்பறை கிடையாது. பிரசங்கம் நீண்டால், முடியாதவர்கள் கல்லறைத் தோட்டத்து யூ மரத்துக்குப் பின்னால் போய்வருவார்கள். ஈனிட் ஞாயிறு காலையில் தேநீர் குடிப்பதையே விட்டிருந்தாள். புதிதாக வந்த பாதிரியார் க்ளீவ், அதன் உள்ளேயே பக்கவாட்டில் இருந்த சிற்றாலயத்தில் ஒரு கழிப்பறையும் தேநீர் போட ஒரு மேடையும் கட்டிவிடுவது என்று கிளம்பினார். அங்கே படுத்திருந்தவர் சர் ராபர்ட் ஹார்ன்வித். கல்லில் அவர், பக்கத்தில் கல்லில் மனைவி, காலடியில் கல் நாய். அவர்களை வடக்குச் சுவரோரம் நகர்த்த வேண்டும். சமாதி யாருக்காக எழுப்பப்பட்டதோ அவருடைய வாரிசுக்குத்தான் அது சொந்தம் என்பது சட்டம். ஆகவே வாரிசு இருந்தால் அவர் சம்மதிக்க வேண்டும், இல்லை என்றால் இல்லை என்று யாராவது எழுதித் தர வேண்டும். வாரிசு இருந்தால் வரலாம் என்ற அறிவிப்பு தேவாலயக் கதவில் நான்கு வாரமாகத் தொங்கியது.

திங்கட்கிழமை பாதிரியார் அவள் வீட்டுக்கே வந்தார்.

“மிஸ் மார்ஃப்ளீட், உங்க புத்தகம்தான் இப்ப எங்களுக்கு வேதம்.”

“வேதம்தான் உங்க கையிலயே இருக்கே. என்னுது வெறும் அறுபத்து நாலு பக்கம்.”

“அந்தக் குடும்பம் பூண்டோட போயிடுச்சு, வாரிசு யாருமில்லன்னு நீங்க ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும். நீங்க சொன்னா திருச்சபை நீதிமன்றத்துல மறுபேச்சு இருக்காது. வெள்ளிக்கிழமை கடைசி நாள்.”

“அதுக்கென்ன, வியாழக்கிழமையே கொண்டாந்து தர்றேன். ஆனா ஒண்ணு, கட்டி முடிச்சதும் உள்ள போற முதல் ஆள் நான்தான். இப்பவே சொல்லி வச்சிட்டேன்.”

மறுநாள் சைக்கிளை எடுத்துக்கொண்டு காப்பகத்துக்குப் போனாள். பெர்த் பல் டாக்டருக்காக வேறொரு குடும்பத்தின் வயதுச் சாட்சியம் ஒன்றைப் படிக்க வேண்டியிருந்தது. அந்தக் காலத்தில் தகப்பனை இழந்த வாரிசு நிலத்தைக் கையில் வாங்க இருபத்தொரு வயது ஆகியிருக்க வேண்டும். பிறப்புப் பதிவேடு கிடையாது. ஊரில் பன்னிரண்டு பேரைக் கூப்பிட்டு, இந்தப் பையன் பிறந்த நாள் உனக்கு எப்படி ஞாபகம் இருக்கிறது என்று கேட்பார்கள். ஒருவர் அன்றுதான் கூரையிலிருந்து விழுந்து கால் ஒடிந்தது என்பார். ஒருவர் அன்றுதான் என் மனைவியைப் புதைத்தேன் என்பார். எழுத்தர் எழுதிக்கொள்வார். ஈனிட் இதுபோல நூற்றுக்கணக்கில் படித்திருக்கிறாள். இப்போதெல்லாம் ஒடிந்த கால்களுக்காக அவள் வருத்தப்படுவதில்லை.

ஒன்பதாவது சாட்சியின் பெயர் வால்ட்டர். அவர் 1359இல் சொன்னது இது. ‘அன்று நான் ஹார்ன்வித் கோயிலில் இருந்தேன். சர் ராபர்ட்டின் இளைய மகனுக்கு ஞானஸ்நானம். ஞானத்தகப்பனாக நின்ற சர் ஜான் தன் பெயரையே குழந்தைக்கு இட்டார். அதே பெயருள்ள அண்ணன், பத்து வயதுப் பிள்ளை, மெழுகுவர்த்தியோடு பக்கத்திலேயே நின்றதால் எல்லோரும் சிரித்தோம். வீட்டில் படுத்திருந்த தாய் கேட்டுக் கோபித்தாளாம்.’

ஈனிட் பென்சிலைக் கீழே வைத்தாள். மறுபடி படித்தாள்.

பிள்ளைக்குப் பெயர் வைப்பது பெற்றவர்கள் கையில் இல்லாத காலம் அது. ஞானத்தகப்பன் பெயர்தான் பிள்ளைக்கு. அதனால் ஒரே வீட்டில் ஒரே பெயரில் இரண்டு பேர் உயிரோடு இருப்பார்கள், மூத்த ஜான், இளைய ஜான் என்று. இது ஈனிட்டுக்குத் தெரியாததல்ல. மற்றவர்கள் வம்சத்தில் இந்தத் தப்பைச் செய்த எத்தனையோ பேரை அவள் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டிருக்கிறாள். சர் ராபர்ட் 1347இல் எழுதிவைத்த ஒரு பத்திரத்தில் ‘என் மகன் ஜானுக்கும், என் மகன் ஜானுக்கும்’ என்று இருந்தது. எழுத்தர் ஒரே சொல்லை இரண்டு தடவை எழுதிவிட்டார் என்று அவள் இரண்டாவது ஜானை அடித்துவிட்டாள். அடித்ததோடு நிறுத்தவில்லை. ‘எழுத்தர் அன்று காலையிலேயே பீர் குடித்திருக்கக்கூடும்’ என்று அடிக்குறிப்பு வேறு போட்டாள். அந்தக் குறிப்பைப் படித்துச் சங்கத்தில் எல்லோரும் சிரித்தார்கள். அவளுக்கும் அதில் கொஞ்சம் பெருமை.

மூத்த ஜான் கொள்ளைநோயில் செத்தான். அவன் மகளோடு நிலம் வேறு வீட்டுக்குப் போயிற்று. அவளுக்குப் பிள்ளை இல்லை. வம்சம் முடிந்தது என்று புத்தகம் சொன்னது. ஆனால் இளைய ஜான் என்று ஒருவன் இருந்தான் என்றால் வம்சம் முடியவில்லை. அவனுக்குக் கிடைத்தது பத்திரத்தில் சொன்ன ஒரு துண்டு நிலம். அந்தத் துண்டை 1363இல் உழுதுகொண்டிருந்த ஜான் ஹார்ன்வித் என்ற குடியானவனை ஈனிட் ஏற்கெனவே அறிவாள். அவனிடமிருந்து இந்த நாள் வரைக்கும் ஒரு கண்ணிகூட விடாமல் அவளே கொடிவழி எழுதியிருந்தாள், வில்ஃப் ஹார்ன்வித்துக்காக.

வில்ஃப் அவளோடு ஊர்ப் பள்ளியில் படித்தவன், வாய்க்கால் வாரியத்தில் வேலை பார்த்தவன். 1959இல் சேறு பூட்ஸோடு காப்பகத்து வாசலில் வந்து நின்றான். “எங்க அப்பா சொல்லிட்டே இருப்பாரு ஈனிட், நாம அந்தக் கல்லுப் பிரபுவோட ஆளுங்கன்னு. கொஞ்சம் பாத்துச் சொல்றியா?” மூன்று வாரம் உட்கார்ந்து பார்த்தாள். 1363க்கு மேல் ஒன்றும் இல்லை. அந்த ஜானுக்குத் தகப்பன் கிடைக்கவில்லை. கிடைக்காமல் போனது ஏன் என்பது இப்போதுதான் விளங்கியது. தகப்பனிடமிருந்து அவனைப் பிரித்தது அவள்தான். அன்று வில்ஃபிடம் அவள் சொன்னது அவளுக்கே இன்னும் ஞாபகம் இருந்தது. “உங்க ஆளுங்க அறுநூறு வருஷமா அடுத்தவன் நிலத்தை உழுதவங்க வில்ஃப். ஊர்ப் பேர ஒட்டவச்சிக்கிட்டவங்க. பிரபுவுக்கும் உங்களுக்கும் ஒட்டுமில்ல உறவுமில்ல. அப்பாகிட்ட சொல்லிடு.” வில்ஃப் சிரித்துவிட்டு, “நல்லதாப் போச்சு, கவச உடுப்புக்கு எண்ணெய் போடற வேலை மிச்சம்” என்று போய்விட்டான்.

புதன்கிழமை முழுக்க அவள் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. யாருக்குத் தெரியப்போகிறது? அந்தச் சாட்சியச் சுருளை எடுத்துப் படிக்க லத்தீன் தெரிய வேண்டும், அந்தக் கையெழுத்துப் பழக வேண்டும், அப்புறம் ஹார்ன்வித் என்ற பெயரில் அக்கறை இருக்க வேண்டும். மூன்றும் உள்ள ஆள் அவள் ஒருத்திதான். தவிர, வயதுச் சாட்சியங்களில் பாதி புளுகு. எழுத்தர்கள் ஒன்றைப் பார்த்து இன்னொன்றை எழுதியிருக்கிறார்கள் என்று நிரூபித்தாகிவிட்டது. வால்ட்டரும் புளுகியிருக்கலாம். இப்படி ஒரு மணி நேரம் தன்னையே ஏமாற்றிப் பார்த்தாள். முடியவில்லை. கால் ஒடிந்ததாகப் புளுகலாம். கோயிலில் எல்லோரும் சிரித்தார்கள், தாய் கோபித்தாள் என்று யார் புளுகுவார்கள்? பத்திரத்தில் வேறு இரண்டு ஜான் இருக்கிறார்களே.

கையெழுத்துப் போட்டால் அவள் பெயர் தப்பும், கழிப்பறையும் வரும். போடாவிட்டால் ஊர் அவளைத் திட்டும், சங்கம் அவளைப் பார்த்துச் சிரிக்கும். அந்த அடிக்குறிப்பை அவளுக்கே படித்துக் காட்டுவார்கள். அவளுக்கு உண்மையிலேயே பயமாக இருந்தது. வியாழக்கிழமை மத்தியானம் பாதிரியார் வீட்டுக்குப் போகிற வழியில் போகாமல், சைக்கிளை வாய்க்கால் கரைப்பக்கம் திருப்பினாள்.

வில்ஃப் சமையலறையில் லீக்ஸ் தண்டு நறுக்கிக்கொண்டிருந்தான். அவன் மனைவி ஐவி ஜன்னலோரம் நாற்காலியில் இருந்தாள். இரண்டு வருஷத்துக்கு முன் வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. ஈனிட் கோட்டைக்கூடக் கழற்றாமல் எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள்.

வில்ஃப் கத்தியை வைத்தான். “அப்ப அந்தக் கல்லு மனுஷன் என்னுதா?”

“உன்னுதுதான். உன்னைக் கேக்காம ஒரு அங்குலம் நகர்த்த முடியாது.”

“அவரு பொண்டாட்டி?”

“அவங்களும். நாயும்.”

“ஐவி, கேட்டியா? ஒரே நாள்ல சீமாட்டி ஆயிட்ட. இனிமே லீக்ஸ் சூப் போதாதுன்னு சொல்லுவ.” ஐவி பாதி முகத்தால் சிரித்தாள். “சரி ஈனிட், அந்தக் கழிப்பறை என்னாகும்?”

“நீ வேண்டாம்னு சொன்னா வராது.”

“எவன் வேண்டாம்னு சொல்வான்? இவ கோயிலுக்குப் போயி ரெண்டு வருஷமாச்சு. அவசரம்னா இவளை யூ மரத்துக்கா தூக்கிட்டுப் போக முடியும்? எங்க கையெழுத்துப் போடணும், அதச் சொல்லு.”

ஈனிட்டுக்கு மூச்சு வந்தது. இவ்வளவுதானா என்றுகூட இருந்தது. “அன்னைக்கு உன்கிட்ட தப்பாச் சொல்லிட்டேன் வில்ஃப். மன்னிச்சிக்க” என்றாள். வீட்டிலேயே ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்த வாக்கியம்.

வில்ஃப் நறுக்கியதைச் சட்டியில் போட்டான்.

“அப்பா அப்ப ஆஸ்பத்திரியில இருந்தார். உனக்குத் தெரிஞ்சிருக்காது. அதுக்குத்தான் அவ்வளவு அவசரமா உன்னைத் தேடி வந்தேன். அவர் கேட்டுட்டே இருந்தார்.”

“அப்புறம்?”

“நீ சொன்னதப் போயிச் சொன்னேன். மத்தவங்க மாதிரி மழுப்பியிருக்கலாம், எனக்கும் அது வரல. ரயில்வே கேட்காரரோட பொண்ணா சொன்னா, அவ சொன்னா சரியாத்தான் இருக்கும்னார். வாழ்க்க பூரா உங்ககிட்ட பொய் சொல்லிட்டேனேடான்னு அழுதார். எங்கப்பா அழுது நான் பாத்தது அந்த ஒரு தடவதான். ரெண்டு நாள்ல போயிட்டார்.”

கெட்டில் கொதித்தது. யாரும் எழுந்து அதை இறக்கவில்லை.

“ஏன் என்கிட்ட நீ சொல்லவே இல்ல?”

“எதுக்குச் சொல்லணும்? நீ சொன்னதுதான் சரின்னு நானும் நம்பிட்டேனே.” அவன் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அவள் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பாள்.

வெள்ளிக்கிழமை வில்ஃப் ஹார்ன்வித் வாரிசு என்ற முறையில் சம்மதக் கடிதத்தில் கையெழுத்திட்டான். பாதிரியாருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஆனால் கையெழுத்து கிடைத்ததே போதும் என்று வாங்கிக்கொண்டார். சனிக்கிழமை ஈனிட் தட்டச்சு இயந்திரத்தின் முன் உட்கார்ந்து, சங்கத்தின் பத்திரிகைக்குத் திருத்தம் எழுதினாள். இரண்டு பக்கம். ஆவண எண், பத்திரம், வால்ட்டரின் சாட்சியம், இளைய ஜான், அவன் மகன், அவன் மகன் என்று எல்லாம் வரிசையாக இருந்தது. பீர் அடிக்குறிப்பையும் எடுத்துச் சொல்லி, குடித்திருந்தது எழுத்தர் அல்ல என்று ஒப்புக்கொண்டிருந்தாள். ஆனால் இவற்றுக்கெல்லாம் முன்னால், முதல் வரியாக இப்படி எழுதியிருந்தாள்: ‘ஹார்ன்வித் ஊரில் வாய்க்கால் வெட்டி வாழ்ந்து 1959இல் இறந்த ஆம்ப்ரோஸ் ஹார்ன்வித் தன் பிள்ளைகளிடம் சொல்லிவந்தது உண்மை. நான் அச்சிட்டது பொய்.’

அடுத்த வாரம் சங்கச் செயலாளர் தொலைபேசியில் கூப்பிட்டார். நல்ல மனுஷர், அவள்மேல் மரியாதை உள்ளவர்.

“மிஸ் மார்ஃப்ளீட், எல்லாம் சரி. அந்த முதல் வரி மட்டும் கொஞ்சம் உறுத்துது. யாருக்கும் தப்பு நடக்கும். ‘பொய்’னு எதுக்கு? ‘பிழை’ன்னு மாத்திடட்டுமா?”

“வேண்டாம்.”

“ரொம்பக் கடுமையா இருக்கேம்மா, அதான்.”

“சாகக் கிடந்த மனுஷன் தன்னைப் பாத்து அந்த வார்த்தையச் சொல்லிக்கிட்டார், சார். நான் சொல்ல வச்சேன். அது அவர் மேலயே கிடக்கக் கூடாது. என் பேருக்கு நேரா போடுங்க.”

செயலாளர் அப்படியே போடுகிறேன் என்றார்.