அழகுமலை கொண்டுவந்த மஜ்ஜைச் சீர்

பொன்னமராவதிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் சத்துணவு அமைப்பாளராக இருக்கும் அமிர்தவல்லிக்கு ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்ததும், ஊரில் எல்லோரும் ஒரே நாளில் டாக்டராகிவிட்டார்கள். ரத்தத்தில் வந்த நோய்தானே, ரத்தம் ஊறினால் சரியாகிவிடும் என்பது அவர்கள் முடிவு. ஒருத்தி ஆட்டு மண்ணீரலை, அதுதான் சுவரொட்டியை, வதக்கிக்கொண்டு வந்தாள். மஜ்ஜையில்தான் கோளாறாம் என்று கேள்விப்பட்ட இன்னொருத்தி நல்லி எலும்பு சூப்போடு வந்தாள். வயிற்றுக்குள் போன ஆட்டு மஜ்ஜை வழி விசாரித்துக்கொண்டு தன் இடுப்பெலும்புக்குப் போய்ச் சேராது என்று அமிர்தவல்லிக்குத் தெரியும். ஆனாலும் குடித்தாள். அன்போடு வந்தவர்களிடம் மல்லுக்கட்டுவதைவிட சூப் குடிப்பது சுலபம்.

மதுரையில் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் டாக்டர் சத்யபிரியாதான் பொறுமையாக விளக்கினாள்.

“எலும்பு மஜ்ஜையிலதாம்மா ரத்தத்தை உண்டாக்குற மூலச் செல்லுங்க குடியிருக்கு. இந்தக் கெட்ட செல்லுங்க உள்ள வந்து சும்மா இருக்கல. அந்த எடத்தையே தனக்குத் தோதா மாத்திருச்சு. நல்லதுங்க வேலை செய்ய முடியாம தூங்கிப்போச்சு.”

அமிர்தவல்லிக்கு ஊர்க் கண்மாய் கண்முன் வந்தது. கரையோரத்தில் அப்பாவி போல முளைத்த சீமைக்கருவேலம், இன்று கண்மாயையே தன் பேருக்குப் பட்டா போட்டுக்கொண்டு நிற்கிறது. அடியில் வேறு எந்த விதையும் தலைதூக்குவதில்லை.

“வெட்டிப்புட்டா போதாதாங்க?”

“மருந்து வெட்டும். ஆனா திரும்பத் தழைச்சிரும். வெளியிலேருந்து நல்ல மூலச் செல்லு கொண்டாந்து விடணும். கூடப் பொறந்தவங்க இருக்காங்களா?”

இருந்தார். அதுதான் சிக்கல்.

அண்ணன் அழகுமலை பொன்னமராவதியில் பந்தல், நாற்காலி வாடகைக்கு விடுகிறவர். அமிர்தவல்லியின் மகள் வனிதாவின் சடங்குப் பத்திரிகையில் தாய்மாமன் பேருக்கு மேலே சித்தப்பன் பேர் ஏறிவிட்டது. அன்றோடு பேச்சு நின்றது. எல்லைக்காகச் சண்டை போட்ட நாடுகள்கூடக் கைகுலுக்கிக்கொண்டன. அழகுமலை அசையவில்லை.

வனிதா போய்ச் சொன்னபோது அவர் அழுதார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, “முறையாத் தட்டுல வெத்தலை பாக்கு வச்சு அழைக்கச் சொல்லு, வாரேன். நான் என்ன ரோட்டுல போறவனா?” என்றார்.

முடியெல்லாம் கொட்டிப் படுக்கையில் கிடந்த அமிர்தவல்லி இதைக் கேட்டாள். “எமனே தட்டு கேக்காமத்தான் வாரான். இவருக்குத் தட்டு வேணுமாக்கும்.”

வனிதா அம்மாவுக்குத் தெரியாமல் தட்டு வைத்து அழைத்துவிட்டாள். மாமனின் ரத்தத்தைப் பரிசோதித்ததில் முழுசாகப் பொருந்தியது. குணம் பொருந்தாததை எந்தப் பரிசோதனையிலும் காட்ட மாட்டார்கள் போலிருக்கிறது.

குறித்த நாளில் அழகுமலை வேன் நிறைய உறவுக்காரர்களோடு ஆஸ்பத்திரி வாசலில் இறங்கினார். பூமாலை, பழத்தட்டு, பட்டுச்சேலை. தங்கச்சிக்கு அண்ணன் கொடுப்பது எதுவானாலும் சீர்தானே, வெறுங்கையோடா வருவார்? மேளத்தை மட்டும் யாரோ புண்ணியவான் தடுத்திருந்தார். காவலாளி மிரண்டுபோய் சத்யபிரியாவைக் கூப்பிட்டார்.

“பூ, பழம் எதுவும் உள்ள போகக்கூடாதுங்க. சின்னக் கிருமியைக்கூட அவங்க தாங்க மாட்டாங்க.”

“அப்பச் சீரு?”

“நீங்கதாங்க சீரு.”

முதுகெலும்பில் துளை போடுவார்கள், பிழைத்தால் பார்ப்போம் என்று கடைவீதி முழுக்க விடைபெற்று வந்திருந்தார் அவர். நாலைந்து நாள் ஊசி போட்டு, கையில் குழாய் மாட்டி, மெஷின் வழியாக ரத்தத்திலிருந்து மூலச் செல்லை மட்டும் ஒரு சின்னப் பை நிறைய எடுத்துக்கொண்டார்கள். “இம்புட்டுத்தானா?” என்று மனம் நொந்துபோனார்.

அந்தப் பை அமிர்தவல்லிக்குள் இறங்கிய பிறகுதான் உண்மையான பயம் தொடங்கியது. செல்கள் தாமாகவே எலும்புக்குள் போய்விடும் என்றாள் சத்யபிரியா. ஆனால் நோய் கெடுத்து வைத்த இடம். தங்கி முளைத்தால்தான் உயிர்.

கண்ணாடி அறையில் தனியே கிடந்தாள். வாயெல்லாம் புண், கேலி பேசக்கூட முடியவில்லை. காலையில் ரத்தம் எடுப்பார்கள், மாலையில் அணுக்கள் ஒன்றும் ஏறவில்லை என்பார்கள். அவளுக்குச் சாகப் பிடிக்கவில்லை. போயும் போயும் அந்த மனுஷனை நம்பிப் பிழைக்க வேண்டியிருக்கிறதே என்று ஆத்திரமாகவும் வந்தது. அந்த மனுஷனோ வேனைத் திருப்பி அனுப்பிவிட்டு, கல்யாண சீசனில் கடையையும் அப்படியே விட்டுவிட்டு, கீழே வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். வனிதா சொல்லித்தான் அவளுக்குத் தெரியும்.

மூன்றாவது வாரம் ஒரு காலையில் சத்யபிரியா சிரித்துக்கொண்டே வந்தாள். வெள்ளை அணுக்கள் ஏறத் தொடங்கிவிட்டன. வந்தவை குடியேறிவிட்டன.

முகக்கவசத்தோடு உள்ளே வந்த வனிதா, கீழே இருந்த மாமனுக்குப் போன் போட்டு அம்மாவிடம் கொடுத்தாள். பெண்ணைக் கட்டிக்கொடுத்த வீட்டில் தயங்கித் தயங்கி விசாரிக்கும் தகப்பனைப் போல அழகுமலை கேட்டார்.

“நான் குடுத்தது அங்கிட்டு நல்லா இருக்கா, ஆத்தா?”

எதற்கும் ஒரு கேலி வைத்திருக்கும் அமிர்தவல்லி போனைக் காதோடு சேர்த்து அழுத்திக்கொண்டாள்.

“நல்லா இருக்குண்ணே. நல்லாப் பாத்துக்கிறேன்” என்றாள்.