ஃபேனைக் கேட்காத கருவி

எலக்ட்ரானிக்ஸ் படித்தவளுக்குப் பிரசவ வார்டில் என்ன வேலை என்று என்னைக் கேட்காத ஆளே கிடையாது. கல்கத்தாவில், ஜாதவ்பூரில் எங்கள் லேபில் கேட்டார்கள், டீக்கடையில் கேட்டார்கள், லேக் மார்க்கெட்டில் அம்மா காபிப்பொடி வாங்கும் கடைக்காரர்கூடக் கேட்டுவிட்டார். தொண்ணூறுகளின் நடுவில் ஆராய்ச்சி என்பது அவரவர் கட்டடத்துக்குள் அடக்கமாக நடக்க வேண்டிய காரியம். பொறியியல் ஒரு பக்கம், மருத்துவம் ஒரு பக்கம், நடுவில் ஒரு மதில். எனக்கோ சின்ன வயதிலிருந்தே மதிலைக் கண்டால் அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்த்தே ஆகவேண்டும். யார் என்ன சொன்னாலும் இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்டேன்.

நான் செய்துகொண்டிருந்த கருவி ஒரு பெட்டி. அதிலிருந்து ஒரு சிறிய மைக் நீளும். அதைக் கர்ப்பிணியின் வயிற்றில் வைத்தால் உள்ளே இருக்கும் குழந்தையின் இதயத் துடிப்பு ஹெட்ஃபோனில் கேட்கும், நிமிடத்துக்கு எத்தனை துடிப்பு என்று சிவப்பு எண்ணும் எரியும். வெளிநாட்டு மெஷின்கள் ஏற்கெனவே இருந்தன. ஆனால் அவை பெரிய நர்சிங் ஹோம்களில்தான் இருந்தன. சாதாரண ஆஸ்பத்திரியில் நர்ஸ் ஒரு உலோகக் குழலை வயிற்றில் அழுத்தி, மறுமுனையில் காதை வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்பார். அந்த மாதிரி ஒரு வார்டை நடத்திக்கொண்டிருந்த வங்காளி டாக்டரம்மா ஒருவர்தான் எங்கள் லேபுக்குத் தானே நேரில் வந்தார். தன் வார்டில் வெடி வெடித்தாலே கேட்காது, குழந்தையின் இதயம் எங்கே கேட்கப்போகிறது, நீங்களெல்லாம் பெரிய பெரிய ரேடியோ செய்கிறீர்களே, இதற்கு ஒன்று செய்யக்கூடாதா என்று சண்டைக்கு வந்தது போலக் கேட்டார். மற்றவர்கள் சிரித்து மழுப்பினார்கள். நான் அன்றைக்கே அவருடன் ஆட்டோவில் ஏறிவிட்டேன்.

மைக்கைப் பொருத்தும் பித்தளைக் கிண்ணத்தை ஹவுராவில் ஒரு பட்டறையில் கடைந்து கொடுத்தார்கள். படகில் போய் வாங்கிவந்து, பொருத்தி, லேபில் சோதித்தபோது ஜோராக வேலை செய்தது. வார்டுக்குக் கொண்டுபோனால் ஒன்றும் சரிப்படவில்லை. காரணம் தலைக்கு மேலே இருந்தது. அந்த வார்டின் ஃபேன்கள் எல்லாம் என்னைவிட வயதானவை. ரெகுலேட்டரை எங்கே திருப்பினாலும் ஒரே வேகம்தான், ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு கடக். அந்தக் கடக் கட்டில் வழியாக, உடம்பு வழியாக இறங்கி மைக்குக்குள் வந்து உட்கார்ந்துவிடும். குழந்தையின் துடிப்பு அதற்குள் காணாமல் போகும்.

சோதிக்கிற நேரம் மட்டும் ஃபேனை நிறுத்தலாமே என்று நான் சொன்னதுதான் தாமதம், மொத்த வார்டும் எழுந்து உட்கார்ந்துவிட்டது. கல்கத்தாவின் சித்திரை வெயிலில் நிறைமாதப் பெண்ணிடம் ஃபேனை நிறுத்தச் சொல்ல எனக்கு எவ்வளவு தைரியம் என்று ஆயா ஒருத்தி என்னை வாங்கு வாங்கென்று வாங்கினாள். அவள் சொன்னதில் தவறே இல்லை. ஆகவே ஃபேனைத் தொடாமல் கருவியைத் திருத்தினேன். ஃபேனின் வேகத்தில் எது துடித்தாலும் அதை அப்படியே விலக்கிவிடும்படி தனியாக ஒரு சின்ன சர்க்யூட் செய்து பெட்டிக்குள் சொருகினேன். சில மாதங்கள் அந்தக் கடக்கடக்கோடுதான் குடித்தனம். சாப்பிடும்போதுகூட என் விரல் மேஜையில் அதையே தட்டும். அப்பா செய்தித்தாளைத் தாழ்த்தி ஒரு முறை முறைப்பார்.

கருவி பிழைத்தது. ஃபேன் ஓட ஓட, குழந்தையின் துடிப்பு மட்டும் தெளிவாக வந்தது. முதல் நாள் ஹெட்ஃபோனைக் காதில் மாட்டிய பெண் தன் குழந்தையைக் கேட்டுவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை. எனக்கு அன்றைக்கு வந்த கர்வம் கொஞ்சநஞ்சமல்ல. எந்தக் கருத்தரங்குக்குப் போனாலும் அந்த ஃபேன் சர்க்யூட்டைப் பற்றித்தான் முதலில் பேசுவேன். ஜெர்மனியில் செய்த மெஷினுக்குக் கல்கத்தா ஃபேனைத் தெரியுமா என்று கேட்டுச் சபையைச் சிரிக்க வைப்பேன்.

சில வருடங்கள் கழிந்தன. புது நூற்றாண்டு பிறந்து, லேபில் எனக்கென்று ஒரு மேஜையும் நாற்காலியும் வந்துவிட்டிருந்தன. ஒரு காலை டாக்டரம்மா போனில் கூப்பிட்டு, தனக்குத் தெரிந்த கால்நடை டாக்டர் ஒருவர் பேசுவார், மறுக்காதே என்றார். அடுத்த அரை மணியில் அவர் பேசினார். கரக்பூரில் ரயில்வே குடும்பத்தில் பிறந்து வளர்ந்த தமிழர். தன் தமிழில் பாதி வங்காளம் இருக்கும், கோபித்துக்கொள்ளக் கூடாது என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார். என் வயதுக்காரர்தான், ஆனாலும் எடுத்த எடுப்பிலேயே என்னைத் தீதி, அதாவது அக்கா, ஆக்கிவிட்டார்.

ஹவுராவைத் தாண்டினால் நாணல் அடர்ந்த சதுப்பு நிலங்கள் வரும். அங்கே மேச்சோ பிரால் என்று வங்காளிகள் சொல்லும் மீன்பிடிப் பூனை உண்டு. வீட்டுப் பூனையைவிடப் பெரியது, தண்ணீரில் இறங்கி மீன் பிடிக்கும். நிலத்தை மண்ணடித்து மூட மூட அவை அருகிக்கொண்டே வந்தன. இந்த டாக்டர் மூன்று நான்கு வருடங்களாக அவற்றைப் பின்தொடர்ந்து ஆராய்ந்துகொண்டிருந்தவர். அவர் பார்த்துவந்த சதுப்பில் குட்டி போடும் வயதில் ஒரே ஒரு பெண் பூனைதான் இருந்தது. முந்தின நாள் விடிகாலை நெடுஞ்சாலையில் ஒரு லாரி அதை அடித்துப் போட்டுவிட்டது. வயிற்றில் குட்டி.

குட்டி உயிரோடு இருக்கிறதா இல்லையா என்று தெரியவேண்டும் என்றார். இறந்திருந்தால் உடனே வயிற்றைத் திறந்து எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் விஷம் ஏறித் தாய் போய்விடும். உயிரோடு இருந்தால் திறக்கவே கூடாது. குட்டிகளுக்கு இன்னும் நாள் ஆகவில்லை, வெளியே எடுத்தால் பிழைக்காது. அடிபட்ட தாயும் அறுவையைத் தாங்குவது சந்தேகம். அவரிடம் இருந்த எக்ஸ்ரே படத்தில் குட்டி இருப்பது தெரிந்தது, எத்தனை என்றுகூடத் தெரியாத அளவுக்கு மங்கல். ஸ்கேன் மெஷின் இருக்கும் இடத்துக்குக் கொண்டுபோனால் வழியிலேயே செத்துவிடும்.

பெட்டியை எடுக்க வீட்டுக்குப் போனேன். விஷயத்தைக் கேட்ட அம்மா, "ஏண்டி, மனுஷாளுக்குப் பாத்தது போறாதுன்னு இப்பப் பூனைக்கும் பிரசவம் பாக்கப் போறயா?" என்றாள். ஆமாம் என்று சொல்லிவிட்டு, அவள் கட்டிக்கொடுத்த தயிர்சாதத்தையும் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன். ஹவுரா ஸ்டேஷன் வாசலில் அவர் அனுப்பிய ஜீப் நின்றது.

அவருடைய விலங்குக் காப்பகம் என்பது தகரக் கூரை போட்ட ஒரே அறை. மேஜையில் பூனை மயக்கத்தில் கிடந்தது. சாம்பல் மேனி, கரும்புள்ளிகள், பின்காலில் கட்டு. அவ்வளவு கிட்டத்தில் ஒரு காட்டு மிருகத்தை நான் பார்த்ததில்லை. பயமாகத்தான் இருந்தது. ஆனால் வயிறு வயிறுதானே. முடியை மழித்த இடத்தில் மைக்கை வைத்தேன். கொஞ்ச நேரத்தில் சிவப்பு எண் எரிந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. குட்டி உயிரோடு இருக்கிறது என்று சொல்லியேவிட்டேன்.

அவர் ஸ்டெதாஸ்கோப்பைப் பூனையின் மார்பில் வைத்துக் கடிகாரத்தைப் பார்த்தார். தாயின் துடிப்பும் அதே எண்தான் என்றார். நான் கேட்டது தாயை. மைக்கை நகர்த்தி நகர்த்தி வைத்தேன். வயிறு முழுக்க ஒரு இடம் விடவில்லை. தாயைத் தவிர வேறு ஒன்றும் கேட்கவில்லை.

"மயக்கம் இன்னும் கொஞ்ச நேரந்தான் இருக்கும் தீதி. இன்னொரு ஊசி போட்டா தாங்காது. கேக்கலேன்னா கேக்கலேன்னு சொல்லிடுங்க, நான் ஆரம்பிச்சுடறேன்."

அவருடைய உதவியாளர் கத்திகளைத் தட்டில் அடுக்கத் தொடங்கினார். கேட்கவில்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். நல்லவேளை, அதற்கு முன்னால் ஒரு கேள்வி வந்தது. உயிரோடு இருந்தால் குட்டியின் இதயம் என்ன வேகத்தில் துடிக்கும் என்று கேட்டேன். மனிதக் குழந்தையைவிட ரொம்ப வேகம் என்றார். எவ்வளவு வேகம் என்று விடாமல் கேட்டேன். கையுறை மாட்டிய விரலால் மேஜை விளிம்பில் தட்டிக் காட்டினார்.

அது என் வார்டு ஃபேன். சாப்பாட்டு மேஜையில் நான் மாதக்கணக்கில் தட்டி அப்பாவிடம் முறைப்பு வாங்கிய அதே வேகம். இந்த வேகத்தில் எது துடித்தாலும் தூக்கி எறி என்று பெட்டிக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான். அது சொன்ன பேச்சைக் கேட்டு, ஒரு குட்டியின் இதயத்தை ஃபேன் என்று நினைத்து எறிந்துகொண்டிருந்தாலும் இருக்கலாம்.

"நிறுத்துங்க. என் மெஷின் சொல்றது தப்பு," என்றேன்.

அவர் கத்தியைக் கையில் பிடித்தபடியே என்னைப் பார்த்தார். தான் செய்த மெஷினைத் தப்பு என்று இவ்வளவு திமிராக யாரும் சொல்லி அவர் பார்த்திருக்க மாட்டார். விளக்கிக்கொண்டிருக்க நேரமில்லை. பெட்டியின் மூடியைத் திருகிக் கழற்றினேன். நான் ஊர் ஊராகப் போய்ப் பெருமையடித்த அந்தச் சின்ன சர்க்யூட்டைப் பிடுங்கி வெளியே போட்டேன். அது இருந்த இடத்தில் இரண்டு முனைகளை இணைக்க வேண்டும். ஒயர் இல்லை. துப்பட்டாவில் குத்தியிருந்த சேஃப்டி பின்னை எடுத்து இரண்டுக்கும் நடுவில் சொருகினேன்.

மதகைத் திறந்துவிட்ட மாதிரி ஹெட்ஃபோனில் சத்தம் கொட்டியது. அந்தத் தகர அறையிலும் மேலே ஒரு ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தச் சொன்னேன். இந்தத் தடவை சண்டை போட யாரும் இல்லை. இறக்கைகள் மெதுவாகச் சுற்றி நின்றன. நெற்றியிலிருந்து வியர்வை கண்ணுக்குள் இறங்கியது, துடைக்கவில்லை. தாயின் துடிப்பு நிதானமாகப் போய்க்கொண்டிருந்தது. மைக்கை இடது பக்கம், இடுப்பெலும்புக்குக் கிட்டே, இழை இழையாக நகர்த்தினேன். தாயின் துடிப்புக்குப் பின்னால், வெகு தூரத்தில், வேறொன்று ஓடிக்கொண்டிருந்தது. மெல்லியது, அவசரமானது. ஃபேன் நின்றிருந்தது. அது நிற்கவில்லை.

ஹெட்ஃபோனைக் கழற்றி அவர் காதில் வைத்தேன். முதலில் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் அவருடைய இடதுகை விரல் தானாகவே மேஜையில் தட்டத் தொடங்கியது.

"நிச்சயந்தானே தீதி? இது தப்பாப் போச்சுன்னா அம்மாவும் போயிடும்."

"நிச்சயம். ஒண்ணு உயிரோட இருக்கு. திறக்காதீங்க."

என் குரலில் பிசிறே இல்லை. அவர் கத்தியைத் தட்டில் வைத்துவிட்டுக் காலின் கட்டை மட்டும் மாற்றினார். மயக்கம் தெளிவதற்குள் பூனையைக் கூண்டுக்கு மாற்றினோம். கண் விழித்ததும் அது எங்களைப் பார்த்துச் சீறிய சீறலில் நான் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். தயிர்சாதத்தை ஜீப்பில் உட்கார்ந்து மூவரும் பங்கு போட்டுக்கொண்டோம்.

அதற்குப் பிறகு லேபில் போன் அடித்தால் எடுக்கவே தயங்குவேன். விஷம் ஏறிவிட்டது, பூனை போய்விட்டது என்று சொல்லத்தான் கூப்பிடுகிறார் என்று ஒவ்வொரு முறையும் நினைப்பேன். அவர் கூப்பிட்டு, இன்று மீன் சாப்பிட்டது, இன்று எழுந்து நின்றது என்று ஏதாவது சொல்லுவார். மழை தொடங்கியது. வேலை நேரத்தில் நான் பெட்டியில் ஒரு சின்ன சுவிட்ச் பொருத்தினேன், ஃபேன் சர்க்யூட்டை வேண்டும்போது வைத்துக்கொள்ளவும் வேண்டாதபோது விலக்கவும். டாக்டரம்மா வந்து பார்த்துவிட்டு, இதை முதலிலேயே செய்திருக்கலாமே என்று கிண்டலடித்தார். முதலில் யாரும் என்னிடம் பூனையைக் கொண்டுவரவில்லை என்று சொன்னேன்.

ஒரு பகல் மறுபடி போன். இந்த முறை அவர் குரலே வேறு மாதிரி இருந்தது.

"பொறந்தாச்சு தீதி. விடிகாலையிலே. அம்மா நல்லா இருக்கு."

"குட்டி?"

"ரெண்டு. ரெண்டும் உசிரோட இருக்கு."

சந்தோஷத்தில் நான் கத்தியிருக்க வேண்டும். லேபில் எல்லோரும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அந்த அறையில், ஃபேனை நிறுத்தி, பின்னைச் சொருகி, வயிற்றில் ஒரு இடம் விடாமல் தேடி, நான் கேட்டது ஒன்றைத்தான். அந்த ஒன்றும் அன்றைக்கு வேறு பக்கம் திரும்பிப் படுத்திருந்தால், வயிற்றில் உயிரே இல்லை என்று இதே நிச்சயத்தோடுதான் சொல்லியிருப்பேன். அவரும் திறந்திருப்பார்.

எனக்குக் கேட்காத அந்த இன்னொரு குட்டி என்ன செய்கிறது என்று கேட்டேன். அம்மாவின் கட்டுப் போட்ட காலைத் தள்ளிவிட்டுப் பால் குடிக்கிறது என்றார்.