பன்னிரண்டு மூட்டை விதைப்பயறு

எங்கள் விவசாயிகள் சங்கத்தின் விதைக் கிடங்கைப் பல வருடம் காத்தவர் என் பெரியம்மா. கறாரான ஆள். ‘பூட்டு’ என்றுதான் ஊரில் பெயர். சங்கத் தலைவரான என் அப்பாவுக்கே ஒரு பிடி கொசுறு கொடுத்ததில்லை.

இறைச்சியைக் குறைத்துப் பயறு சாப்பிடுங்கள் என்று அரசு சொன்ன வருடம் அது. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, கேன்டீன் எங்கும் பயறு. நல்ல காரியம்தான். ஆனால் சொன்ன வேகத்துக்குச் செடி வளருமா? விலை தாறுமாறாக ஏறியது. விளைந்ததெல்லாம் லாரி ஏறிப் போய், கிடங்கில் பன்னிரண்டு மூட்டை விதை மட்டும் மிஞ்சியது. விதைப்புக்கு இன்னும் மூன்று வாரம்.

ஒருநாள் காலை வியாபாரியின் லாரி கிடங்கு வாசலுக்கே வந்துவிட்டது. கூடவே அப்பாவும் உறுப்பினர்களும் நானும்.

“அண்ணி, கதவைத் திறங்க. வித்துடலாம்னு முடிவாயிடுச்சு.”

“விதைக்கு எங்க போவீங்க, தம்பி?”

“வெளிய வாங்கிக்கலாம்.”

“வெளிய இருக்கிறவன் மட்டும் சாமியாரா? அவன் வாசல்லயும் ஒரு லாரி நிக்கும்.”

“இந்த விலை இனி எந்த ஜென்மத்துல கிடைக்கும்?”

பெரியம்மா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

“சரி, எடை போட்டு வைக்கிறேன். டீ குடிச்சிட்டு வாங்க.”

திரும்பி வந்தபோது கதவு உள்தாழ்ப்பாள் போட்டிருந்தது. உள்ளே டிரம் உருளும் சத்தம். எடை போட டிரம் எதற்கு? அப்பாவின் முகம் வெளுத்தது. எவ்வளவு தட்டியும் சத்தம் நிற்கவில்லை.

கதவை உடைத்தபோது பதினோரு மூட்டைப் பயறு செக்கச்செவேல் என்றிருந்தது. பன்னிரண்டாவது மூட்டை டிரம்மில் சுற்றிக்கொண்டிருந்தது. விதைக்கும் முன் பூஞ்சை பிடிக்காமலிருக்கக் கலக்கும் மருந்தின் சிவப்பு அது. கலந்துவிட்டால் மாடுகூட வாயில் வைக்கக் கூடாது. மண்ணில் போடலாம், அவ்வளவுதான்.

“விஷத்தை நான் எங்க விக்கிறது?” என்று வியாபாரி லாரியைத் திருப்பினார்.

“மழை வரலைன்னா விக்கவும் முடியாது, தின்னவும் முடியாது. யோசிச்சீங்களா அண்ணி?”

“யோசிச்சேன்” என்று பெரியம்மா டிரம்மிலிருந்த விதையை மூட்டையில் கொட்டினார்.

மாலையில் சங்கம் கூடியது. பெரியம்மாவைக் கிடங்குப் பொறுப்பிலிருந்து நீக்க முடிவு. ஊரில் பட்டம் வாங்கியவன் நான் ஒருவன் என்பதால் தீர்மானம் எழுதுவது எப்போதும் நான்தான். அதில் எனக்குப் பெருமையும் உண்டு. எழுதினேன்: ‘விதையை விற்கவிடாமல் விதையாகவே வைத்திருந்த காரணத்தால் நீக்கப்படுகிறார்.’

அப்பா இரண்டு முறை படித்தார்.

“இப்படியாடா எழுதச் சொன்னேன்?”

“இதுல எந்த வார்த்தைப்பா பொய்?”

கையெழுத்துப் போட யாரும் பேனாவை வாங்கவில்லை. அப்பா தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

“முதல்ல விதைப்போம்” என்றார்.