பாலம் தகர்ப்பு, 4.20

யுத்த காலத்தில் ஒரு மனிதர் என் தமிழால் சோதனைச்சாவடியில் பிடிபட்டார். அன்று காலைவரை அந்தத் தமிழில் எனக்கு நல்ல கர்வம் இருந்தது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

மட்டக்களப்பு நகரில் ஒரு ரெக்கோடிங் பாரில் வேலை. கேட்கிற பாட்டுகளைக் கசட்டில் பதிந்து, உள்ளே வைக்கும் அட்டையில் பாட்டின் பெயரையும் அது ஓடும் நேரத்தையும் எழுதிக் கொடுப்போம். அட்டை எழுதுவது என் பொறுப்பு. நாலு நாவல் படித்தவன் கையில் பேனையைக் கொடுத்தது முதலாளி செய்த பிழை.

முதலாளியின் மைத்துனர் கட்டாரிலிருந்து ஒரு சீடி அனுப்பியிருந்தார். பழைய வெள்ளைக்காரப் போர்ப்படம் ஒன்றின் வாத்திய இசை. அந்தக் காலத்து நாடாவைச் சுத்தம் செய்து புதிதாக வெளியிட்டிருந்தார்கள். முழுக்க வயலினும் எக்காளமும் முரசும்தான். பெரியகல்லாற்றுப் பக்கம் பாடசாலையொன்றில் பான்ட் வாத்தியம் பழக்கும் மாஸ்டர், விளையாட்டுப் போட்டிக்கு அணிநடை இசை தேடி வந்தவர், கேட்டதும் "முழுக்க அடிச்சுத் தாங்க தம்பி" என்றார்.

சீடி உறையில் பெயர்கள் ஆங்கிலத்தில் மொட்டையாக இருந்தன. எனக்குப் பொறுக்கவில்லை. "ஆறு" என்று இருந்ததை "இரவில் ஆறு கடத்தல்" ஆக்கினேன். "பாலம்" என்பது "பாலம் தகர்ப்பு, 4.20" ஆயிற்று. கடைசித் துண்டு "அனைவரும் பின்வாங்கல், 5.45".

மாஸ்டர் பத்தரை பஸ்ஸில் போனார். ஒரு மணிக்கு அந்த பஸ்ஸின் கொண்டக்டர் கடைக்கு வந்தார்.

"உங்கட அட்டையோட மாஸ்டரப் பாலத்துச் சென்றியில இறக்கிட்டாங்க. நாலு இருபதுக்கு எந்தப் பாலம் எண்டு கேக்கிறாங்க."

ஓடும் நேரத்தைக் கடிகார நேரமாக வாசித்திருக்கிறார்கள். அப்படி இறக்கப்பட்டவர்கள் எல்லோரும் மாலைக்குள் வீடு திரும்பிய காலமல்ல அது.

முதலாளி என்னைப் பார்த்தார். "எழுதினவன் நீ. நீதான் போகணும். நானும் வருவன் எண்டு நினைக்காத."

சீடியையும் உறையையும் பற்றரியில் ஓடும் சீடி செற்றையும் சைக்கிளில் கட்டிக்கொண்டு போனேன்.  

சென்றிச் சாவடியில் மாஸ்டர் வாங்குப் பலகையில் இருந்தார். அதிகாரி உறையையும் அட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து விரலால் ஒத்துப்பார்த்தார். ஓடும் நேர எண்கள் ஒத்தன. தமிழ் தெரிந்த பொலிஸ்காரர் ஒருவர் என் வரிகளைச் சிங்களத்தில் சொல்லச் சொல்ல, விரல் பாலத்தில் நின்றது.

"உறையில பாலம் மட்டும்தான் இரிக்கு. தகர்ப்பு எங்க இருந்து வந்த?" என்று கேட்டார் பொலிஸ்காரர்.

"கேக்கக்குள்ள அப்பிடித் தோணிச்சு சேர்."

"தோணிச்சா? ஆருக்கு?"

"எனக்குத்தான். முரசு விழுகிற விதத்தில பாலம் நிக்காது சேர். தகர்த்தே ஆகணும்."

மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டார்.

அதிகாரி செற்றைக் காட்டினார். போட்டேன். முதல் மூன்று நிமிடமும் புல்லாங்குழல். அதை நான் மறந்தே போயிருந்தேன். ஆடு மேய்கிற மாதிரி இருந்தது. அதிகாரி மணிக்கூட்டைப் பார்த்தார். ஒரு சென்றிக்குள் நின்றுகொண்டு பாலம் உடையவேண்டும் என்று மனதார வேண்டிக்கொண்ட ஒரே மனிதன் நானாகத்தான் இருப்பேன்.

பிறகு முரசுகள் வந்தன. எக்காளம் வந்தது. தாளத் தட்டுகள் மோதின. எல்லாம் சரிந்து அடங்கியது. அதிகாரி ஏதோ சொன்னார். பொலிஸ்காரர் "தகர்ப்பு" என்ற சொல்லைப் பேனையால் வெட்டிவிட்டு, அட்டையையும் கசட்டையும் மாஸ்டரிடம் கொடுத்து, போகச் சொன்னார்.

அதற்குப் பிறகு என் அட்டைகளில் ஒன்று, இரண்டு, மூன்று என்ற எண்கள் மட்டும்தான். இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கும் அதையே சொல்கிறேன்: உறையில் இல்லாததை எழுதாதீர்கள். உங்களுக்குத் தோன்றியதற்காக வேறொருவர் வாங்கில் இருக்க நேரும்.

அன்று பஸ்ஸுக்குக் காத்து நிற்கும்போது மாஸ்டரிடம் மன்னிப்புக் கேட்டேன். "சரியாப் பயந்துட்டீங்களா சேர்?"

"தனிய இருக்கக்குள்ள பெருசாப் பயமில்ல தம்பி. பாட்டு லிஸ்ட்தானே, விளங்கிக்குவாங்க எண்டு இருந்தன்," என்றார். "நீங்க வந்து விளக்கம் சொல்லத் தொடங்கினீங்களே, அதுக்கு மறுகாத்தான் பயந்த."