மொத்தத்தைச் சொல்கிறவள்

"ஏட்டி, நீ உன் கண்ணால பாத்தியா?" என்று கேட்டேன். பக்கத்து வீட்டுச் சுடலைவடிவு பானை துலக்குவதை நிறுத்தவில்லை. "ஊரே சொல்லுது ஆச்சி. கோமு கல்லாவுல கை வச்சிருக்கா. இல்லாட்டா பதினோரு வருசம் இருந்தவள அண்ணாச்சி சும்மா அனுப்புவாவளா?" என்றாள்.

ஊர் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். அவள் கிளம்பிய நேரத்தில் அந்தக் கடைக்குள் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவள் நான். அவளை யாரும் அனுப்பவும் இல்லை. அதனால் கோமுவைப் பற்றி நான் சொல்லுகிறேன், கேட்டுக்கொள்ளுங்கள்.

எங்கள் வளவில் ஒரே முற்றத்தைச் சுற்றி ஆறு வீடு. மூன்றாவது வீடு அவளுடையது. புருஷன் குமரவேல் வேலை பார்த்த ஆலை மூடி ஒன்றரை வருடம் ஆகிறது. அவனும் சும்மா இருப்பவன் இல்லை. கூப்பிட்ட வேலைக்குப் போகிறான், ஆனால் மாதத்தில் பத்து நாள் கூப்பிட்டால் அதிகம். மீதிக்கு, வீட்டு வாடகைக்கும் அரிசிக்கும், கோமுவின் சம்பளம் ஆயிரத்து இருநூறு ரூபாய்தான். பூதலிங்கம் அண்ணாச்சி டவுனில் ரத வீதிக்குப் பக்கத்தில் கடை வைத்திருக்கிறார். மிக்சி, கிரைண்டர், டிவி, காற்றாடி எல்லாம் உண்டு. அங்கே பில் போடுகிறவள் கோமு. கோயிலுக்குப் போய்விட்டு வரும்போது அந்தக் கடைக் காற்றாடிக்குக் கீழே கொஞ்ச நேரம் உட்கார்ந்து வருவது என் வழக்கம். ஒரு பொருளும் வாங்கியதில்லை. அண்ணாச்சி ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும்.

கோமு ஒல்லியான ஆள், குரல் மட்டும் பெரிது. பில் புத்தகத்தைத் திறப்பதற்கு முன்னால் மேசையை இரண்டு தட்டுத் தட்டுவாள். பேனாவைக் காதில் சொருகிக்கொண்டு, கண்ணை மேலே ஏற்றி, உதடு அசையக் கூட்டுவாள். கூட்டி முடித்ததும் தொகையைக் கடைக்கே கேட்கிற மாதிரி சொல்லுவாள். கிரைண்டர் என்றால் இப்படி: "ரொக்கமா நாலாயிரத்து நானூறு. தவணைன்னா முன்பணம் எண்ணூறு, மாசம் முந்நூறு, பதினஞ்சு மாசம். மொத்தம் அஞ்சாயிரத்து முந்நூறு. தொள்ளாயிரம் கூட. யோசிச்சிக்கிடுங்க." இவ்வளவுதான் அவள் பேச்சு. ஆனால் ஒரு ஆளிடமும் இதைச் சொல்லாமல் விட்டதில்லை.

கடை வாசலில் ஒரு பலகை உண்டு. மாதம் முந்நூறு மட்டும் என்று எழுதியிருக்கிறதாம். எனக்கு எழுத்துத் தெரியாது, அவள்தான் சொன்னாள். அந்த 'மட்டும்' அவள் வாயில் வராது. "முந்நூறு எனக்கு மட்டுமா இல்லையான்னு எனக்குத் தெரியும். அடுத்தவுகளுக்கு மட்டும்தான்னு சொல்லுததுக்கு நான் ஆரு ஆச்சி?" என்பாள்.

செக் கொடுத்தால் கூடுதல் காசு கிடையாது. ஆனால் பணம் வந்து சேர்ந்த பிறகுதான் பெட்டி கடையை விட்டு இறங்கும். வெளியூர் பாங்கிச் செக் என்றால் பதினைந்து நாளும் ஆகும், பாங்கிக்காரர்கள் பிடிக்கிற காசும் உண்டு. இரண்டு வருடத்துக்கு முன்னால் பாங்கிக் கடன் அட்டையைத் தேய்க்கிற கருவி ஒன்றும் வந்தது. துணி தேய்ப்பதுபோல அதை முன்னும் பின்னும் இழுக்க வேண்டும், கர்ரென்று சத்தம் வரும். அதற்கு நூற்றுக்கு மூன்று ரூபாய் கூட. பம்பாயிலிருந்து வந்த ஒருவர் அவருடைய அம்மாவுக்குக் கிரைண்டர் எடுத்தார். கோமு வழக்கம்போல, "அட்டைன்னா நூத்தி முப்பத்திரண்டு கூட ஆவும் சார்" என்றாள். "ஆகட்டும்மா" என்று சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். அவர் போன பிறகு நான், "காசைத் தூர எறியுதான் பாரு" என்றேன். கோமு ஒத்துக்கொள்ளவில்லை. "மடியில நோட்டுக்கட்டு இல்லாம ரெண்டு நாளு ரயில்ல தூங்கிக்கிட்டு வந்திருக்காரு. அதுக்கு நூத்தி முப்பத்திரண்டு. எறியல ஆச்சி, வாங்கியிருக்காரு."

முதலில் அவள் இப்படி இல்லை. தொகையைச் சொல்வதோடு நிற்கமாட்டாள், புத்தியும் சொல்லுவாள். தேவமணி டீச்சர் டிவி எடுக்க வந்தபோது, தவணையே வேண்டாம், ஆயிரத்துத் தொள்ளாயிரம் வீணாகப் போகும் என்று வற்புறுத்தி ரொக்கத்துக்கு மாற்றிவிட்டாள். டீச்சர் பாங்கியில் இருந்ததை வழித்து எடுத்துப் பதின்மூன்றாயிரம் கட்டினார். இரண்டாம் மாதம் டீச்சருடைய கணவருக்கு வயிற்றில் ஆபரேஷன். கையில் ஒன்றும் இல்லை. வளையலை எட்டாயிரத்துக்கு, நூற்றுக்கு மாதம் மூன்று வட்டிக்கு, அடகு வைத்தார்கள். திருப்ப ஒரு வருடம் ஆயிற்று. வட்டி மட்டும் இரண்டாயிரத்து எண்ணூற்று எண்பது. டீச்சர் கடைக்கு வந்து கோபப்படாமல் சொன்னார்: "உன் கணக்கு சரிதான் கோமு. என் வீட்டுக்காரரு வயித்துவலிதான் அதுல இல்ல." அன்றைக்குச் சாயங்காலம் வளவுக்கு வந்து கோமு நெடுநேரம் தண்ணீர்த் தொட்டி விளிம்பிலேயே உட்கார்ந்திருந்தாள். அதற்குப் பிறகு புத்தி சொல்வதை விட்டாள். இரண்டு தொகையையும் சொல்லுவாள், வாயை மூடிக்கொள்ளுவாள். எது நல்லது என்று கேட்டால், "அது உங்க வீட்டு விசயம்லா" என்பாள்.

போன சித்திரையில் தவணைக் கம்பெனிக்காரர் ஒருவர் பை ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஒரு தவணைப் பாரம் எழுதி வாங்கினால் இவ்வளவு என்று அவரும் அண்ணாச்சியும் கடைக்குக் கமிஷன் பேசினார்கள். அவர் போனதும் அண்ணாச்சி கோமுவைக் கூப்பிட்டார். நல்ல வார்த்தையாகத்தான் சொன்னார். "மாச ரூவாயச் சொல்லு. மொத்தத்தக் கேட்டாச் சொல்லு. கேக்காமச் சொல்லாத. வார ஆள ஏன் வெரட்டுத?"

"கேக்கத் தெரிஞ்சவுக கேட்டுக்கிடுவாவ அண்ணாச்சி. கேக்கத் தெரியாதவுகளுக்குத்தான நான் சொல்லுதேன்."

"நான் பொய்யா சொல்லச் சொல்லுதேன்? கடைய நடத்தணும்லா, ஏ கோமு."

அவர் சொன்னதிலும் பொய் இல்லை. ஆலை மூடிய மாதம் இவளுக்குக் கேட்காமலேயே முன்பணம் கொடுத்தவர் அவர். கோமு சரி என்றாள். எட்டு நாள் அப்படியே நடந்தாள். மாத ரூபாயை மட்டும் சொன்னாள், அதுவும் மெல்லிய குரலில். எனக்கு அது அவள் குரல் மாதிரியே இல்லை. ஆனால் ஒன்று செய்தாள். ரசீதைக் கிழித்துக் கொடுக்கிறபோது அதன் முதுகில் பென்சிலால் மொத்தத்தை எழுதிக் கொடுத்தாள். "திருப்பிப் பாத்தாத் தெரியும்லா ஆச்சி" என்று என்னிடம் சொன்னாள். நான் பார்த்தவரையில் ஒருவரும் திருப்பவில்லை. நாலாக மடித்துப் பையில் போட்டுக்கொண்டு போனார்கள்.

ஒன்பதாம் நாள் சீவலப்பேரியிலிருந்து மாரிக்கண்ணு என்று ஒரு பெண் பிள்ளை வந்தாள். பஸ் நிற்கிற இடத்தில் இட்லிக் கடை போட்டிருக்கிறாளாம். ஆட்டுக்கல்லில் அரைத்து அரைத்துத் தோள் இறங்கிவிட்டது, கிரைண்டர் வேண்டும் என்றாள். ஆடு விற்றதும் சீட்டு எடுத்ததும் நாலாயிரத்து அறுநூறு ரூபாய் மஞ்சள் பையில் இருந்தது. எடுத்து மேசைமேல் வைத்தாள். அண்ணாச்சி பக்கத்திலேயே நின்றார். "அதை உள்ள வையி தாயி. எண்ணூறு மட்டும் இப்பக் குடு. மாசம் முந்நூறுதான். இட்லி வித்தே கட்டிருவ" என்றார். மாரிக்கண்ணுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

கோமு பாரத்தை எழுதி முடித்தாள். ரசீதைக் கிழித்தாள். பென்சிலை எடுத்து முதுகில் எழுதவும் செய்தாள். "கையெழுத்துப் போடுங்க" என்று பேனாவை நீட்டினாள். "எனக்கு எங்கன எழுதத் தெரியும்? கைநாட்டுத்தான்" என்று மாரிக்கண்ணு கட்டைவிரலைக் காட்டினாள். அண்ணாச்சி மைப்பெட்டியைத் திறந்து வைத்தார். கோமு ரசீதின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மேசையை இரண்டு தட்டுத் தட்டினாள். கடை முழுக்கக் கேட்கிற பழைய குரலில் சொன்னாள்:

"ரொக்கமா நாலாயிரத்து நானூறு. இப்படி எடுத்தா மொத்தம் அஞ்சாயிரத்து முந்நூறு. தொள்ளாயிரம் கூட. ரொக்கமாக் குடுத்தா உங்க பையில எரநூறுதான் மிஞ்சும், அதையும் பாத்துக்கிடுங்க."

மாரிக்கண்ணு விரலை மடக்கிக்கொண்டாள். அண்ணாச்சி கத்தவில்லை. "கோமு, நாளையிலேருந்து நீ கிட்டங்கில சரக்கு எண்ணு. கவுன்டருல நிக்காண்டாம். சம்பளத்துல ஒரு பைசா கொறையாது" என்றார்.

கிட்டங்கி கடைக்குப் பின்னால் இருட்டு அறை. அட்டைப்பெட்டிகள்தான் இருக்கும், அவற்றிடம் யாரும் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. கோமுவின் மனதில் வாடகை ஓடியிருக்கும், வேறென்ன ஓடும். "வேண்டாம் அண்ணாச்சி, நான் வாரேன்" என்றாள். சாவிக்கொத்தை அவர் கையிலேயே கொடுத்தாள். கல்லாவை எண்ணிப் பார்த்துக்கொள்ளச் சொன்னாள். அவர் எண்ணினார், சரியாக இருந்தது. சுடலைவடிவு இதைக் கேட்டுக்கொள்ளட்டும்.

சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு மேசையைச் சுற்றி வெளியே வந்தவளின் முந்தானையை மாரிக்கண்ணு பிடித்துக்கொண்டாள். "ஏ தாயி, எனக்கு ஒண்ணும் ஓடல. நான் இப்ப எதுல எடுக்கட்டும்?"

கோமுவுக்கு டீச்சரின் வளையல் ஞாபகம் வந்திருக்கும். மேசைமேல் திறந்து கிடந்த மைப்பெட்டியை எடுத்து மூடினாள். அந்தப் பெண்ணுக்குக் கை எட்டுகிற இடத்தில் அதை வைத்துவிட்டு, படியிறங்கிச் செருப்பை மாட்டினாள்.