கேட்கிற மெஷின்

நாட்றம்பள்ளியிலிருந்து ஆம்பூருக்குத் தினமும் பஸ்ஸில் போய் ஷூ கம்பெனியில் வேலை பார்த்தேன். வீட்டுக்காரர் பக்கவாதத்தில் படுத்துவிட்டார். சாயங்காலம் நான் போய்த்தான் லைட் போடவேண்டும், கஞ்சி கொடுக்கவேண்டும்.

எனக்கு முட்டி போனதும் மேஸ்திரி இரக்கப்பட்டுக் கம்ப்யூட்டர் அறையில் உட்காரவைத்தார். அஞ்சாவது படித்தவளுக்கு அங்கே ஒரே வேலைதான். அன்றைய கட்டிங் கணக்கை பிளாப்பியில் ஏற்றவேண்டும். கீபோர்டில் எந்தக் கட்டைக்குப் பிறகு எந்தக் கட்டை என்று கைக்குப் பழகிவிட்டது.

நேற்றைய கணக்கு பிளாப்பியில் அப்படியே இருந்தால் மெஷின் ஒரு வரி கேட்கும். அதன்மேல் எழுதட்டுமா என்று அர்த்தமாம். எனக்கு அந்த வரியின் உருவம்தான் தெரியும். உடனே எழுந்துபோய், நேற்றையதை ஆபீசில் எடுத்துக்கொண்டார்களா என்று விசாரித்துவிட்டு வந்து, சரி என்பதற்கு ‘ஒய்’ தட்டுவேன். மெஷின் ஒன்றும் கேட்காவிட்டால் பிளாப்பி காலியாக இருக்கிறது என்று அர்த்தம்.

இரண்டாயிரமாவது வருஷத்துக்கு அப்புறம் புது மெஷின் வந்தது. அது ஒன்றும் கேட்கவில்லை. காலி என்று நினைத்து அன்றைய கணக்கை ஏற்றிவிட்டுக் கிளம்பிவிட்டேன். மறுநாள் பார்த்தால், ஆபீசில் இன்னும் எடுக்காத பழைய கணக்கு அழிந்திருந்தது. கட்டிங் பெண்கள் கட்டிவைத்த தோலையெல்லாம் பிரித்து மறுபடி எண்ணினார்கள்.

“இன்னாக்கா, மெஷின் உன்கூட பேசலன்னு கோவமா?” என்றாள் ஒருத்தி. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

மெஷினைப் பார்க்க மெட்ராசிலிருந்து ஒரு தம்பி வந்தார்.

“எனக்கு முன்ன இருந்தவரு பழைய மெஷின்ல கேக்கற மாதிரி தனியா வெச்சிருந்தாரும்மா. ரூல்படி அது கேக்கக் கூடாது. யாரும் இல்லாத நேரத்துல தானா ஓடுற வேலை இருக்குது. நடுவுல கேள்வி கேட்டா யாரு பதில் சொல்லுவா? அப்படியே நின்னுடும்.”

“என்னை அது கேக்கணுமே தம்பி” என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

அவர் கொஞ்சநேரம் தட்டினார். “உங்க சீட்ல மட்டும் பழையபடி கேக்கும். மத்ததெல்லாம் ரூல்படி. சரியா?”

அன்றைக்கு நிம்மதியாகத்தான் பஸ் ஏறினேன்.

அடுத்த வருஷம் கம்பெனிக்காரர்கள் எங்கள் ஊரிலேயே ஒரு யூனிட் திறந்தார்கள். வீட்டிலிருந்து நடந்தே போய்விடலாம். மத்தியானம்கூட ஒருநடை அவரைப் பார்த்துவிட்டு வரலாம். பல நாள் தயங்கி மேஸ்திரியிடம் கேட்டேன்.

“தாராளமா போம்மா. கட்டிங் டேபிள்ல நின்னு வேலை செய்வியா?”

“நிக்க முடியாது சார். அங்கயும் கம்ப்யூட்டர் இருக்குதே.”

“அந்த மெஷின் கேக்காதேம்மா” என்றார்.

அடுத்த தடவை தம்பி வந்தபோது அவரிடமும் கேட்டேன். சங்கடப்பட்டார்.

“அங்க எல்லாமே ரூல்படிதான் வைக்கணும்னு ஆர்டர். உங்களுக்காக மாத்திவெச்சா, நாளைக்கு அங்க பழகினவங்க வேற மெஷின்ல உக்காந்து, அதுவும் கேக்கும்னு நம்பி அழிச்சிடுவாங்க. உங்களுக்கு நடந்ததுதாம்மா.”

அவர் சொன்னது சரிதான். எனக்காக ஒதுக்கிக்கொடுத்த நாற்காலியை விட்டால் உட்கார வேறு இடமில்லை.

அன்று சாயங்காலம் மெஷின் வழக்கம்போலக் கேட்டது. வலிக்கிற காலை இழுத்துக்கொண்டு ஆபீஸ் வரைக்கும் போய் விசாரித்தேன். திரும்பிவந்து ‘ஒய்’ தட்டினேன். வெளியே வருவதற்குள் பஸ் போய்விட்டது. அடுத்த பஸ் வரும்போது இருட்டிவிடும். வீட்டில் லைட் போட ஆளில்லை.